ஹோஸ் மாட்டிய கதை

ஆவடிப் பக்கத்துக்காரர்களுக்கு டேங்க் என்றால் மூன்று பொருள் உண்டு. முதலாவது, கனரக வாகனத் தொழிற்சாலையில் நாங்கள் செய்த டேங்க். 1965 டிசம்பரில் முதல் விஜயந்தா வெளியே வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த 1974-லும் சீனியர்கள் அதை நேற்று நடந்தது போலச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது, மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர் டேங்க். மூன்றாவது, வீட்டின் பக்கவாட்டில் ஸ்லாப் போட்டு மூடி, அதன்மேல் துளசி மாடம் வைக்கலாமா கூடாதா என்று விவாதித்து, கடைசியில் செருப்பு ஸ்டாண்டு வைத்திருக்கிறோமே, அந்த செப்டிக் டேங்க்.

இந்தப் பதிவு மூன்றாவதைப் பற்றியது. டிபன் சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரலாம்.

(ஆவடி என்ற பெயரே ராணுவ வண்டிகளை வைத்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து உண்டாக்கியது என்று வாட்ஸ்அப்பில் மாதம் ஒருமுறை யாராவது அனுப்புகிறார்கள். 1955 ஜனவரியில் நேரு வந்து காங்கிரஸ் மாநாடு நடந்ததே, அப்போதே ஊர் பெயர் ஆவடிதான். எங்கள் ஃபேக்டரி வந்தது அதற்குப் பிறகு. அனுப்புகிறவர்கள் தயவுசெய்து நிறுத்தவும்.)

2018 மே மாதம் நானும் என் மனைவியும் அமெரிக்காவில் பீனிக்ஸ் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போயிருந்தோம். பேரனுக்குப் பள்ளி லீவு விட்டதும் கிராண்ட் கேன்யன் போகலாம் என்றான் மகன். ஏறக்குறைய 370 கிலோமீட்டர். ஹோட்டல் வேண்டாம், மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன் என்றான். அது ஒரு வண்டி வீடு. முன்னால் டிரைவர் சீட்டு. பின்னால் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், சிங்க், குளிக்கிற இடம், கக்கூஸ் எல்லாம் உண்டு. நம் ஊர் ஆம்னி பஸ்ஸில் பாதி நீளத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். என் மனைவி ஏறிப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "ஏங்க, இதெல்லாம் எங்க போகும்?"

நியாயமான கேள்வி. வண்டிக்கு அடியில் இரண்டு டேங்க் இருக்கிறது. சிங்க்கிலும் குளிக்கிற இடத்திலும் இருந்து போகிற தண்ணீருக்கு ஒன்று. அதைச் சாம்பல் தண்ணீர் என்கிறார்கள். கக்கூஸுக்குத் தனியாக ஒன்று. அது கறுப்புத் தண்ணீர். எங்கள் வண்டியில் ஒவ்வொன்றும் சுமார் 150 லிட்டர். நிறைந்தால், அதற்கென்று இருக்கும் இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய், ஹோஸ் மாட்டி, தரையிலுள்ள துளையில் விட்டுவிட வேண்டும். யார் விடுவது? வண்டியை வாடகைக்கு எடுத்தவன்தான். ஆள் கிடையாது. மகன் ஐ.டி.யில் பெரிய வேலையில் இருக்கிறான், அவன் மேனேஜரே வந்தாலும் அவரும் குனிந்துதான் மாட்ட வேண்டும்.

கிராண்ட் கேன்யன் தென் விளிம்பில் மேத்தர் கேம்ப்கிரவுண்ட் என்ற இடத்தில் மூன்று இரவு தங்கினோம். ஏறக்குறைய 7,000 அடி உயரம். மே மாதத்திலும் ராத்திரி ஊட்டிக் குளிர். பள்ளத்தாக்கைப் பற்றி எழுத என்னால் ஆகாது, எல்லோரும் எழுதிவிட்டார்கள். இரண்டாம் நாள் இரவே கறுப்பு டேங்க் முக்கால்வாசி நிறைந்துவிட்டதாக வண்டியில் விளக்கு எரிந்தது. மகனுக்குக் கவலை. காரணம் எங்களுக்குத் தெரியும். அவர்கள் காகிதத்தில் துடைத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். நாங்கள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள்.

கிளம்புகிற அன்று காலையில் டம்ப் ஸ்டேஷனுக்குப் போனோம். தார் ரோட்டை ஒட்டி ஒரு சிமெண்ட் மேடை, நடுவில் மூடி போட்ட நாலு அங்குலத் துளை, பக்கத்தில் கழுவுவதற்கு ஒரு குழாய். 'இது குடிநீர் அல்ல' என்று பலகை. மகன் போனில் ஏதோ வீடியோ பார்க்க ஆரம்பித்தான். நான், "டேய், முப்பத்தாறு வருஷம் ஃபிட்டிங் பார்த்தவன்டா நான். ஒரு ஹோஸ் மாட்ட வீடியோவா?" என்றேன். பேரன் கைதட்டினான். என் மனைவி வண்டிக்குள் போய் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

மாட்டுகிற விதம் மிகவும் சுலபம். வண்டியின் பக்கவாட்டில் மூன்று அங்குல வாய், அதன் ஓரத்தில் சிறு காதுகள். ஹோஸின் நுனியில் கொக்கிகள். வைத்து அழுத்திக் கால் சுற்று திருப்ப வேண்டும். நம் வீட்டுப் பழைய குண்டு பல்பை ஹோல்டரில் மாட்டுகிறோமே, அதே முறை. அந்த பல்பில் நமக்கெல்லாம் ஓர் அனுபவம் உண்டு: இரண்டு பக்கமும் விழுந்துவிட்டதாக நினைத்துக் கையை எடுப்போம், ஒரு பக்கம்தான் விழுந்திருக்கும், பல்பு கோணலாகத் தொங்கும். வாழ்நாள் முழுக்க பல்பு மாட்டிய எனக்கு அன்று அது ஞாபகம் வரவில்லை. ஒரு பக்கம் மாட்டியிருந்தது. 'கடக்' என்று சத்தம் வந்தது. போதும் என்று விட்டுவிட்டேன்.

வால்வுக் கைப்பிடியை இழுத்தேன்.

விவரிக்கப் போவதில்லை. ஹோஸ் கழன்றது. உடனே வால்வைத் தள்ளி மூடிவிட்டேன், இருந்தாலும் ஒரு வாளி அளவு என் காலிலும் மேடையிலும். பேரன் ஓடிவிட்டான். மகன், "அப்பா... அப்பா..." என்று அதற்குமேல் வார்த்தை இல்லாமல் நின்றான். எனக்குப் பின்னால் வரிசையில் இரண்டு வண்டிகள்.

அடுத்த வண்டியிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கிழவர் இறங்கினார். என் வயதுக்கும் ஐந்தாறு வருடம் மேலிருக்கும். திட்டுவார் என்று நினைத்தேன். தன் வண்டியிலிருந்து ரப்பர் கையுறை இரண்டு ஜோடி எடுத்து ஒன்றை என்னிடம் நீட்டினார். ஒன்றும் பேசாமல் கழுவுகிற குழாயைத் திறந்து மேடையைத் துளைப் பக்கமாகத் தள்ளிக் கழுவினார். பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். முதலில் இரண்டு வால்வும் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாய்மூடியைக் கழற்ற வேண்டும். ஹோஸை மாட்டித் திருப்பிய பிறகு வெளியே இழுத்துப் பார்க்க வேண்டும். வந்தால் மாட்டவில்லை என்று அர்த்தம். கீழே துளைக்குள் விட்ட நுனியின் மேல் ஒரு கனத்தை வைக்க வேண்டும், இல்லையென்றால் வேகத்தில் துள்ளி வெளியே வந்துவிடும். ஹோஸ் எங்கேயும் மேலேறி இறங்கக் கூடாது, வழியெல்லாம் சரிவாக இருக்க வேண்டும். கறுப்பை முதலில் திற. அது முழுக்கப் போன பிறகு சாம்பலைத் திற. சோப்புத் தண்ணீர் வந்து ஹோஸைக் கழுவிவிடும்.

நாங்கள் நிறையத் தண்ணீர் ஊற்றுகிறோம் என்று மகன் வெட்கத்தோடு சொன்னதற்கு அவர், அதுதான் சரி என்றார். சிக்கனமாக ஊற்றுகிறவர்களுக்கும், கறுப்பு வால்வை எப்போதும் திறந்தே வைத்திருக்கிறவர்களுக்கும் தண்ணீர் மட்டும் வடிந்து போய், கட்டி அடியில் கோபுரம் மாதிரி நின்றுவிடுமாம். பிறகு அதை இடிக்க வேண்டும். என் மனைவி அன்று முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து கையுறையைக் கழற்றிப் போட்டு, கை கழுவிவிட்டு அவர் கை நீட்டினார். நான் குலுக்கினேன். தன் பிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றிக் கொடுத்தார். காலில் இன்னும் ஈரம். வாங்கிக் குடித்தேன். அந்தக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு வேறு ஒன்று ஞாபகம் வந்தது. இருபது வருடத்துக்கு மேலாக வராத ஞாபகம்.

பருத்திப்பட்டில் நாங்கள் வீடு கட்டியது 1990-ல். ஏரி பக்கத்தில் இருப்பதால் தண்ணீர் கஷ்டம் இல்லை என்று சொல்லித்தான் மனை விற்றார்கள், அது உண்மைதான். பத்தடியில் தண்ணீர். ஆனால் பத்தடியில் தண்ணீர் இருக்கிற ஊரில் செப்டிக் டேங்க்கும் தண்ணீரில்தான் இருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை. ஐப்பசி மழை பிடித்தால் டேங்க் ஊறி நிறைந்துவிடும். கக்கூஸில் ஊற்றிய தண்ணீர் உள்ளே போகாது. 2015 டிசம்பரில் எல்லோரும் வெள்ளம் பார்த்தோம். எங்கள் தெருவுக்கு அது வருடாவருடம் சின்ன அளவில் உண்டு.

1997 கோடையில் முதல் முறையாக டேங்க்கைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிட்டேன். லாரி வந்து மேல் தண்ணீரை இழுத்துக்கொண்டது. அடியில் சேறு நின்றுவிட்டது. "ஆள் இறங்கினாதான் சார் வரும்" என்றார் லாரியோடு வந்த பெரியவர். நான் "சரி" என்றேன். இந்த ஒரு வார்த்தையை இன்று எழுதும்போதும் கை நிற்கிறது. கூட வந்த பையனுக்குப் பதினெட்டு, இருபது வயதிருக்கும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு வாளியோடு இறங்கினான். நான் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றேன்.

மூன்றாவது வாளி மேலே வரவில்லை. பெரியவர் கத்தினார். கயிற்றை இழுத்தார்கள், எதிர்வீட்டுக்காரரும் ஓடிவந்து இழுத்தார். பையன் தலை தொங்கியபடி மேலே வந்தான். தண்ணீர் ஊற்றினோம். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தான், கண் திறந்தான். பிழைத்துக்கொண்டான். உள்ளே இருப்பது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு. அது கொஞ்சமாக இருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைத்து இறங்குகிறவன் அப்படியே சாய்ந்துவிடுவான். இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள நினைக்கவும் இல்லை.

பையனுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தோம். ஒரு பித்தளைச் சொம்பில். பேசியதற்கு மேல் ஐம்பது ரூபாய் கொடுத்தேன், தாராளமாக நடந்துகொண்டதாக நினைப்பு. லாரி போன பிறகு அந்தச் சொம்பை என் மனைவி புளி போட்டுத் தேய்த்து வைத்தாள். நான் அதை எடுத்துப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டுவிட்டேன். அவளிடம் ஏதோ காரணம் சொன்னேன்.

கிராண்ட் கேன்யனில் காபிக் கோப்பையோடு நின்றபோது ஞாபகம் வந்தது அந்தச் சொம்புதான். மகனிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

ஊருக்கு வந்ததும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன். 1993-லேயே ஒரு சட்டம் இருந்தது, ஆனால் அது பெரும்பாலும் கையால் மலம் அள்ளுகிற உலர் கழிப்பறைகளைப் பற்றியது. 2013 சட்டம்தான் பாதாளச் சாக்கடையையும் செப்டிக் டேங்க்கையும் சேர்த்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்கினால் முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். இது லாரி முதலாளிக்கு மட்டும் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். வேலைக்கு வைக்கிற யாருக்கும்தான். கூப்பிட்டு "சரி" சொல்கிற வீட்டுக்காரனும் அதில் அடக்கம். 2014-ல் உச்ச நீதிமன்றம் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுக்கச் சொன்னது; 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக்கியது. தொகை கூடியிருக்கிறதே தவிர, பேப்பரில் அந்தச் செய்தி வருவது நிற்கவில்லை.

ஃபிட்டர் புத்தி வேறு பக்கம் யோசித்தது. அமெரிக்காவில் எந்த வண்டிக்கு எந்த ஹோஸை வாங்கினாலும் மூன்று அங்குலம், அதே காது, அதே கொக்கி. எழுபத்து சொச்சம் வயதுக் கிழவர் கையில் துளி படாமல் ஐந்து நிமிடத்தில் முடிக்கிறார். நம் ஊரில் வீட்டுக்கு வீடு டேங்க் வேறு, லாரிக்கு லாரி குழாய் அளவு வேறு. கடப்பாரையால் ஸ்லாப்பை நெம்பி, குனிந்து, குழாயைக் கையால் பிடித்து உள்ளே விட வேண்டும். ஆளைக் குழிக்குள் இழுப்பதில் பாதி, சரியான இணைப்பு இல்லாததுதான். இது என் கருத்து, ஒப்புக்கொள்ளாதவர்கள் எழுதலாம்.

ஆகவே 2019 தொடக்கத்தில் ஒரு காரியம் செய்தேன். கொத்தனாரை வைத்து, டேங்க்கின் அடியிலிருந்து ஓர் அடி மேலே தொடங்கி, ஸ்லாப் வழியாக வெளியே வந்து, காம்பவுண்டு சுவர் வரை நாலு அங்குல பி.வி.சி. குழாய் பதித்தேன். நுனியில் மூடி. லாரி வந்தால் தெருவில் நின்றபடியே மாட்டிக்கொள்ளலாம், ஸ்லாப்பைத் தொட வேண்டாம். இழுக்கும்போது உள்ளே காற்று போவதற்கு, ஏற்கெனவே இருந்த காற்றுக் குழாயின் வலையையும் மாற்றினேன். செலவு ஆறாயிரத்துச் சொச்சம். என் மனைவி, "பீனிக்ஸ் போயிட்டு வந்து இதுதான் கத்துக்கிட்டீங்களா?" என்றாள்.

ஏரியைச் சுற்றி நடைபாதை போட்டுப் பூங்கா திறந்தார்களே, அந்த வருடம்தான். நம்மில் பாதிப்பேர் அங்கேதான் காலையில் நடக்கிறோம். ஒரு நாள் நடந்துவிட்டு வரும் வழியில், தெருமுனையில் நின்றிருந்த லாரியைக் கூப்பிட்டேன். டிரைவர், கூட இரண்டு பேர். ஒருவருக்கு நாற்பது வயதிருக்கும், இன்னொருவர் இளைஞர். என் குழாயைப் பெருமையாகக் காட்டினேன்.

நாற்பது வயதுக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார். "நல்லாத்தான் சார் பண்ணியிருக்கீங்க. ஆனா எங்க பைப்பு மூணு இஞ்சு."

மாட்டவில்லை! முப்பத்தாறு வருட சர்வீஸ், இரண்டு கண்டம், இரண்டு ஹோஸ், இரண்டும் தோல்வி. அளவு கேட்காமல் குழாய் பதித்திருக்கிறேன். அவர் லாரி பெட்டியிலிருந்து பழைய லாரி ட்யூபை நீளமாக வெட்டி எடுத்துவந்து, தன் குழாயின் மேல் சுற்றிச் சுற்றித் தடிப்பாக்கி, என் குழாய்க்குள் செருகி, வெளியே இன்னொரு சுற்று கட்டினார். இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அந்த இழுத்துப் பார்க்கிறதை அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

பம்ப் ஓடியது. இந்தக் குழாயும் அமெரிக்கக் குழாயும் வேறு ஜாதி. அங்கே சரிவில் தானாக ஓடுகிறது, அதனால் மெல்லிய ஹோஸ் போதும். இங்கே லாரி டேங்க்கில் காற்றை எடுத்து உறிஞ்சுகிறார்கள். மெல்லியதாக இருந்தால் சப்பிக்கொண்டுவிடும். ஆகவே உள்ளே சுருள் வைத்த தடித்த குழாய், பத்தடிக்கே நல்ல கனம். அதைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துக்குள் இழுத்துப் போவார்கள்.

பாதியில் சத்தம் மாறியது. "அடிச்சேறு வரல சார்" என்றார். "இந்தக் குழாயில அது வராது. ஒரு மூடியத் தொறந்து, தண்ணி அடிச்சுக் கலக்கிவிட்டா வந்துடும்."

"இறங்கணுமா?" என்று கேட்டேன். குரல் எனக்கே வித்தியாசமாகக் கேட்டது.

"யாரு சார் எறங்குறது? நீங்க ஏதும் எறங்கிடாதீங்க." சிரித்தார். மூடியைத் திறந்து அரைமணி நேரம் காற்றாட விட்டுவிட்டு, தள்ளி நின்று மோட்டார் தண்ணீரைப் பீய்ச்சினார்கள். சேறு கலங்கி வந்தது. கொஞ்சம் அடியில் இருக்கட்டும், முழுக்க எடுத்தால் மறுபடி மக்க வைக்கிற கிருமி சேர நாள் ஆகும் என்றார். ஆசிட் ஊற்றிக் கக்கூஸ் கழுவுவதை நிறுத்தச் சொன்னார், அதுவும் அதே கிருமியைக் கொன்றுவிடுகிறதாம். நான் அவர் எதிரில் ஒரு பயிற்சி மாணவனைப் போல நின்று கேட்டேன். 1997 பற்றிக் கேட்க நினைத்தேன். அந்தப் பையனுக்கு இப்போது இவர் வயதுதான் இருக்கும். ஆனால் அவர் பையன் இல்லை, முகம் வேறு. கேட்கவில்லை.

முடிந்ததும் என் மனைவி எவர்சில்வர் டம்ளர்களில் காபி கொண்டுவந்தாள், நாங்கள் குடிக்கிற டம்ளர். டிரைவர் எடுத்துக்கொண்டார். இளைஞர் வாசல் குழாயில் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து எடுத்துக்கொண்டார். நாற்பது வயதுக்காரர் மட்டும் லாரி கேபினிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார்.

"இதுல ஊத்திடுங்கம்மா."

"டம்ளர்லயே குடிங்க தம்பி" என்றேன்.

"இருக்கட்டும் சார். பழக்கம்."

இரண்டு தடவை சொன்னேன். மூன்றாவது தடவை சொன்னால் அது எனக்காகச் சொல்வதாகிவிடும் என்று தோன்றியது. பாட்டிலில் ஊற்றினாள். சூட்டில் பாட்டில் சுருங்கியது.

அந்த வாரமே நாலுக்கு மூன்று ரெட்யூசர் வாங்கி வந்து நுனியில் மாட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை அவர்களே வந்தார்கள், ட்யூப் சுற்ற வேண்டியிருக்கவில்லை. பாதாளச் சாக்கடை இணைப்பு எங்கள் தெருவுக்கு வந்தால் இந்தக் குழாய்க்கு வேலை இருக்காது. அதுவரைக்கும் அவர் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: டேங்க் நிரம்பி வழிந்த பிறகு கூப்பிடாதீர்கள், புரட்டாசி முடிவதற்குள் கூப்பிடுங்கள். மழையில் எடுத்தால் ஒரே வாரத்தில் ஊறி நிறைந்துவிடும், காசுதான் தண்டம்.